நல்ல தண்ணீரின் மேல் ஒரு கல்

போனை எடுக்காத என் மகள் செல்விக்கு, போர்வெல் போடும் லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்தபடி அம்மா எழுதுவது.

நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய் என்று, உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற அருண் சொன்னான். உன் அப்பாவின் நம்பரையும் சேர்த்தே செய்துவிட்டாயாம். அவர் என்ன பாவம் செய்தார், என்னைக் கட்டிக்கொண்டதைத் தவிர. அதனால்தான் எழுதுகிறேன். கேபினில் கிடந்த பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில், தொடைமேல் வைத்து எழுதுவதால் கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். எழுதி முடித்ததும் அருண் இதைப் போட்டோ எடுத்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவான். அனுப்பும்போது அவனும் படிப்பான். படிக்கட்டும். ஊரே வேடிக்கை பார்த்த சண்டை, இதில் யாருக்கு மறைத்து என்ன ஆகப்போகிறது. லாரி ஏன் இன்னும் உன் மாமனார் ஊரிலேயே நிற்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் நீ பஸ் ஏறியதில் இருந்து நடந்ததை எல்லாம் வரிசையாகக் கேட்டாக வேண்டும். 'அம்மா, விஷயத்துக்கு வா' என்று நடுவில் நீ வெட்ட முடியாது. கடிதத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

முதலில் என் வாயில் இருந்து தொடங்குகிறேன், எல்லாம் அங்கேதான் தொடங்கியது. நிச்சயதார்த்தத்தன்று உன் மாமனார் தணிகாசலம் சீர் என்று எதுவும் கேட்கவில்லை. கேட்காத மனிதரிடம் நானே வலியப் போய், "எல்லாரும் அண்டா குண்டா வைப்பாங்க அண்ணே, நாங்க போர் வைக்கிறோம். நம்ப வண்டி, நம்ப ஆளு. நல்ல தண்ணி காட்டாம வண்டிய எடுக்க மாட்டோம்" என்றேன். பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் பார்க்க வேண்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னேன். வில்லியனூர்ப் பக்கம் இத்தனை வருஷமாக இந்த வண்டியை வைத்துத்தான் பிழைக்கிறோம். உன் அப்பா வண்டி ஓட்டுவார், போர் போடுவார், வாயைத் திறக்க மாட்டார். பேரம், பேச்சு, சண்டை எல்லாம் என் இலாகா. 'பொம்பள நடத்துற போர் வண்டி' என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்கள் அந்தப் பந்தியிலும் இருந்தார்கள். அவர்கள் காதுபட, பெண்ணுக்கு ஒரு போரையே சீராக வைக்கிறேன் என்று சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் பெருமை. நீ தலையைக் குனிந்தபடியே என் கையைக் கிள்ளினாய். வெட்கத்தில் கிள்ளுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

உன் மாமனார் பேராசைக்காரர் இல்லை, அதை நீயும் ஒத்துக்கொள்வாய். பாகூருக்குக் கிழக்கே, கடல் காற்று படுகிற நிலம். ஏரித் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருவதற்குள் பயிர் வாடிவிடும். மேல் மணலில் இருக்கிற தண்ணீர் முழுக்க உப்பு. அவருடைய பழைய போரில் இறைத்த தண்ணீர் பட்டுக் கரும்புத் தோகை ஓரமெல்லாம் கருகிக் கிடந்ததை நானே பார்த்தேன். அந்தச் சுற்றுவட்டாரத்தில் நல்ல தண்ணீர் என்றால், நிலத்தை ஒட்டிய தெருவின் முனையில் இருக்கிற கைப்பம்பு ஒன்றுதான். அது ஆழத்தில் இருந்து எடுக்கிறது. குடிக்க, சமைக்க, அந்தத் தெரு முழுவதற்கும் அதுதான் கதி. அதே ஆழத்துக்கு நாமும் போனால் அதே தண்ணீர் நமக்கும் வரும் என்பது என் எண்ணம். இந்தத் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை ஊரில் கால் வைக்கக் கூடாது என்று எவ்வளவு சொன்னேன். லீவில் வந்த இடத்தில் சும்மா இருந்தாயா. "நான் போர் போடுறத பாக்கத்தாம்மா வரேன், மாப்பிள்ளைய பாக்க இல்ல" என்று வண்டியில் ஏறிக்கொண்டாய். பூசை போட்டு, கற்பூரம் காட்டி, காலையில் வேலை ஆரம்பித்தது. மணலும் களியுமாக, துளைக்கிற பிட் சுகமாகத்தான் இறங்கியது. மத்தியானத்துக்கு மேல் வண்டி குதிக்க ஆரம்பித்தது. ராடு கிடுகிடுவென்று ஆட, உன் அப்பா லீவரைத் தளர்த்தினார். கல் வந்துவிட்டது. அந்தச் சத்தம் கேட்டால் நிலத்துக்காரர் முகம் தொங்கிப் போகும், அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொள்வேன். அன்றைக்கும் "கல்லு வந்தா நல்லதுதான் அண்ணே, கல்லுக்குக் கீழதான் தண்ணி" என்று சொல்லி வைத்தேன். நீ சேற்றோடு வெளியே வந்த சில்லுகளை அள்ளிக் கழுவினாய். ஒன்றைச் சுத்தியலால் தட்டிப் பொடியாக்கினாய். பூசைத் தட்டில் மிச்சம் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து அதன்மேல் பிழிந்தாய். சாமிக்கு வைத்த பழத்தில் கை வைக்கிறாளே என்று எனக்கு முதல் கோபம் அங்கே வந்தது. பொடி பொசபொசவென்று நுரைத்தது. நீ நிமிர்ந்து, "அப்பா, பிட்ட தூக்குங்க, இதுக்கு மேல எறக்க வேணாம்" என்றாய்.

அதற்கப்புறம் நீ பேசியது ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "இதுவும் மணல்தான் மாமா. மேல வந்ததே அதே மணல்தான். ஒரு காலத்துல ஆறு கடலுக்குள்ள கொண்டாந்து கொட்டுனது. மண்ணுக்குள்ள ஊறுன தண்ணில இருந்த சுண்ணாம்பு, இந்த எடத்துல மட்டும் மணலுக்கு நடுவுல இருக்குற சந்தெல்லாம் பூந்து அடச்சிக்கிச்சி. அதான் கல்லா இருக்கு. இதுக்குள்ள தண்ணி பூர வழியே இல்ல" என்றாய். உன் மாமனார், "அதான் வழியே இல்லன்றியே, அப்புறம் இன்னாத்துக்குமா பயப்படுற?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். "வழி இல்லாததாலதான் மாமா இது மூடி மாதிரி இருக்கு. மேல உப்பு, கீழ நல்லது. நாம ஓட்டை போட்டா உப்புக்கு நாமளே வழி காட்டுறோம்" என்றாய். பைப்புதான் இறக்கப் போகிறோமே என்றார் அவர். பைப்புக்கு வெளியே சுற்றிலும் மேலிருந்து கீழ்வரை ஜல்லி கொட்டுவதுதானே நம் வழக்கம், அந்த ஜல்லி வழியாகவே உப்பு கீழே இறங்கிக் கைப்பம்பு வரை போகும் என்றாய். இத்தனை போர் போட்ட எனக்கு அது உறைக்கவே இல்லை. தண்ணீர் சுத்தமாக வரட்டும் என்று நல்லதை நினைத்துக் கொட்டுகிற ஜல்லி அது.

உன் அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். கல் இருக்கிற இடத்தில் சிமெண்ட் ஊற்றிப் பைப்பைச் சுற்றி அடைத்துவிட்டுக் கீழே போகலாமா என்று கேட்டார். அவர் போட்டுக்கொடுத்த பாதை அது. சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மானம் தப்பித்திருக்கும். நீ அந்தச் சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "அடைக்கலாம்பா. ஆனா இந்தச் சுண்ணாம்பு ஒரே பலகையா இருக்காது, திட்டுத் திட்டா இருக்கும். பக்கத்துல எங்க வுட்டுப் போயிருக்கோ யாருக்குத் தெரியும். கரும்புக்கு நாள் முழுக்க மோட்டார் இழுத்தா அந்த வழியா உப்பு எறங்கலாம். எறங்காமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது" என்றாய். நான் இந்தத் தொழிலுக்கு வந்த நாளில் இருந்து நிலத்துக்காரர் முன்னால் சொல்லாத வார்த்தை அது. தண்ணீர் வருமா என்றால் வரும் என்போம். வராவிட்டால் இன்னும் கொஞ்சம் போனால் வரும் என்போம். என் மகள், படித்தவள், சம்பந்தி வீட்டார் சுற்றி நிற்க, கையை விரித்துத் தெரியாது என்கிறாள். எனக்குக் கண் இருட்டிவிட்டது. "படிச்சி கிழிச்சது போதும். வாய மூடிக்கினு வூட்டுக்குப் போடி. ஒன்னால இந்தக் கல்யாணம் நின்னா நான் ஒன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்றேன். நீ சில்லைத் துப்பட்டாவில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு மெயின் ரோடு பக்கம் நடந்தாய். வீட்டுக்குப் போகிறாய் என்று நினைத்தேன். விழுப்புரம் போய் அங்கிருந்து, நீ வேலை பார்க்கிற ராஜமுந்திரிக்கே ரயில் ஏறிவிட்டாய் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

நீ போன பிறகு நான் உன் அப்பாவைப் பார்த்து, "இன்னாய்யா நிக்கிற, போடு" என்றேன். அவர் பிட்டைக் கல்லுக்கு மேலே தூக்கி நிறுத்தி, குழி சரியாமல் இருக்கச் சேற்றை மட்டும் சுற்றவிட்டு, ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். சேறு சுற்றுவது நின்றால் மேல் மணல் சரிந்து ராடைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் வண்டியையே விற்றாலும் ராடு வராது. டீசல் இருக்கிற வரைக்கும்தான் அந்தக் குழி நிற்கும். அதற்குள் கீழே போக வேண்டும், இல்லையென்றால் மூட வேண்டும். உன் மாமனார் என் பக்கத்தில் வந்து நின்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "தங்கச்சி, நான் கேக்கல. நீயா குடுத்த வாக்கு. பாதியில வுட்டுட்டுப் போனா ஊருல நான் இன்னா சொல்றது? கல்யாணத்துக்கு முன்னாடியே நம்மள மதிக்காத பொண்ணுன்னு சொல்ல மாட்டாங்களா? குழிய மூடுனா கல்யாணப் பேச்சையும் மூடிட்டோம்னு வச்சிக்கோ" என்றார். அருண் அவருக்குப் பின்னால் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான். அப்போது அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது.

எனக்கு அந்த நேரத்தில் என்ன ஞாபகம் வந்தது தெரியுமா. போன கார்த்திகைக்கு நான் பொரி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது நீ வீடியோ காலில் வந்தாய். உன் வேலை என்னதான்டி என்று கேட்டதற்கு, பாகைக் காட்டச் சொன்னாய். "பாகு கம்மியா இருந்தா உருண்ட உதுந்துடும். அளவா இருந்தா பொரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டும், நடுவுல சந்து இருக்கும். அதிகமா ஊத்துனா கல்லு மாதிரி ஆய்டும், கடிக்க முடியாது. மணலுக்கும் அப்படித்தாம்மா, நான் பாகு எவ்ளோ இருக்குன்னு பாக்குறவ" என்றாய். எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் பாதாளத்தில் இருந்து உருளை உருளையாக எடுத்து வருகிற பழைய டெல்டாக் கல்லை, காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் எடுத்த படங்களைக் காட்டினாய். நீலச் சாயம் ஏற்றியிருந்தது. நீலம் எல்லாம் காலி இடம், அங்கேதான் எண்ணெயோ வாயுவோ தண்ணீரோ தங்கும் என்றாய். ஒரு படத்தில் நீலம் தெருத் தெருவாக ஓடியது. இன்னொன்றில் தேடித் தேடிப் பார்த்தும் ஒரு பொட்டுகூட இல்லை. மணல்துகள் மேல் மெல்லிசாகக் களிமண் பூசியிருந்தால் அதன்மேல் கல் வளராதாம், அந்த மணல் மட்டும் ஆழத்திலும் சந்தை விடாமல் வைத்திருக்குமாம். "அழுக்கு ஒட்டுன மணல்தாம்மா தப்பிக்கும்" என்றாய். ஞாயிற்றுக்கிழமை குளிக்காமல் இருப்பதற்கு நீ கண்டுபிடித்த நியாயம் என்று நான் கிண்டல் செய்தேன்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது, அது கிண்டல் செய்கிற விஷயமில்லை. ஒரு தடவை உன் ஆபீசில் ஒரு கிணற்றுக் கல்லைப் பார்த்துவிட்டு, இதில் சந்து அடைத்திருக்கிறது, பக்கத்தில் திறந்திருக்கிறதா என்று இந்தத் துண்டுகளை வைத்துச் சொல்ல முடியாது என்று எழுதிக் கொடுத்தாய். மேலே இருந்தவர்கள் வேறு மாதிரி எழுதச் சொல்லி நெருக்கினார்கள். நீ போனில் அழுதாய். நான் என்ன சொன்னேன்? "அவுங்களுக்கு வேண்டியத எழுதிக் குடுத்துட்டுப் போவியா, ஒன் அப்பன் வூட்டு எண்ணெயா அது" என்றேன். உனக்குத் துணையாக ஒரு வார்த்தை என்னிடம் இல்லை. உன்னுடைய அந்த ஊரில் சந்து அடைத்திருந்தால் நஷ்டம், இந்த ஊரில் அடைத்திருப்பதே காவல் என்பது சேற்றுக்குழி பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. அங்கேயும் இங்கேயும் நீ சொன்னது ஒரே பதில், நான் உன்னைத் திட்டியதும் ஒரே காரணத்துக்காக.

கையெல்லாம் சேறாக இருந்தது. கழுவலாம் என்று தெருமுனைக் கைப்பம்புக்குப் போனேன். மேரி என்ற ஒருத்தி குடம் பிடித்துக்கொண்டிருந்தாள், நாற்பது வயது இருக்கும், பாகூரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாளாம். என்னைப் பார்த்ததும் குடத்தை நகர்த்திவிட்டு எனக்காகவே பம்பு அடித்துக் கொடுத்தாள். கழுவிவிட்டு இரண்டு கை அள்ளிக் குடித்தேன். நல்ல தண்ணீர், செல்வி. அந்தக் காற்றிலேயே உப்பு இருக்கிற ஊரில் அப்படி ஒரு தண்ணீர். மேரி பம்பை விடாமலே, "யக்கா, ஒங்க பொண்ணு சத்தமா பேசினத கேட்டேன். எங்க தண்ணிக்கு ஒண்ணும் ஆவாதில்ல?" என்று கேட்டாள். 'ஒண்ணும் ஆவாது' என்கிற பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, எத்தனை பேருக்குச் சொல்லிய பதில். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடித்துக்கொண்டிருந்தாள். "தெரியலையே மேரி" என்று சொல்லிவிட்டேன். பம்பு நின்றது. "தெரியலன்னா அப்புறம் எதுக்குக்கா போடுறீங்க?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சீர் என்று சொல்லவா? பந்தியில் பீற்றிக்கொண்டேன் என்று சொல்லவா? உன்னை நினைத்தேன், மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்ததை நினைத்தேன், ஊர் என்ன பேசும் என்று நினைத்தேன். அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நான் ஏதாவது சொல்வேன் என்று இன்னும் நின்றாள்.

திரும்பி வந்தால், உன் அப்பா சிமெண்ட் மூட்டைகளை லாரியில் இருந்து இறக்கிக் குழி ஓரத்தில் அடுக்கி வைத்திருந்தார். "எப்ப எறக்குன?" என்றேன். "அவ பஸ் ஏறப் போனப்பவே எறக்கிட்டேன். நீ வந்து சொல்லட்டும்னு ஒக்காந்திருக்கேன்" என்றார். இந்த மனிதரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன் பார். உன் மாமனாரிடம் நானே போய்ச் சொன்னேன். "அண்ணே, வாக்கு குடுத்தது நான். மீறுறதும் நான். எம் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க. குழிய மூடுறோம்." அவர் தன் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். பைப் ஒன்றைக் கல் வரைக்கும் இறக்கி, அதன் வழியாகச் சிமெண்ட் கூழை ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டே மேல் வரைக்கும் அடைத்தோம். கல்லைத் துளைக்கவில்லை, லேசாகக் கீறியதோடு சரி. அதையும் மூடிவிட்டோம். உன் அப்பா கடைசிக் கூழைக் கையாலேயே வழித்து விட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நாங்கள் வீட்டுக்கு வந்திருப்போம். மறுநாள் காலையில் கடலூர்ப் பக்கத்தில் இருந்து வேறு ஒரு போர் வண்டியை உன் மாமனார் பேசி முடித்துவிட்டார் என்று அருண் வந்து சொன்னான். நம் குழிக்குக் கொஞ்சம் தள்ளிப் போடுவார்களாம். அவர்கள் கல்லைப் பார்த்து யோசிக்கப் போவதில்லை. போன வாரம் வரைக்கும் நானும் யோசித்ததில்லை. நாங்கள் சாமான்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். நிலத்துக்குப் போக வாய்க்கால் கரை ஒன்றுதான் வழி, ஒரு லாரிக்கு மேல் இடமில்லை. பாதிக் கரையில் வண்டி நின்றது. உன் அப்பா இறங்கி பானெட்டைத் திறந்து வைத்தார். கரையின் அந்த முனையில் கடலூர் வண்டி வந்து நின்று ஹாரன் அடிக்கிறது. "இன்னாய்யா ஆச்சி, இந்த நேரத்துல போயி" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் சாவியை உருவி என் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் சொன்ன ஒரே பொய், அதையும் வாயால் சொல்லவில்லை.

அதில் இருந்து இங்கேயே இருக்கிறோம். கடலூர்க்காரர்கள் நேற்றெல்லாம் வந்து வந்து பார்த்தார்கள். மெக்கானிக் வேண்டுமா என்றார்கள். கட்டி இழுக்கலாமா என்றார்கள், இழுத்தால் கரை உடையும் என்றோம். மேரியும் தெருப் பெண்கள் சிலரும் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள், அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் தெரிந்திருக்கிறது. மத்தியானச் சோறு கொண்டுவருவது அருண். தன் வீட்டிலிருந்தே, தன் அப்பா கண்ணெதிரே எடுத்துக்கொண்டு வருகிறான். "அவர எதுத்துப் பேச எனக்கு வாய் வர மாட்டேங்குது அத்தை. சோறு கொண்டாறதுக்கு வருது" என்றான். உன் அப்பாவும் அவனும் லாரி நிழலில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிடுகிறார்கள். ஊமைக்கு ஊமை நல்ல பொருத்தம். இதைப் படிக்கிறாய்தானே அருண், உன்னைத்தான் சொல்கிறேன்.

இப்போது உனக்கு. நீ செய்ததில் ஒரு தப்பு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மாட்டேன், நான் உன் அம்மா. வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீ பஸ் ஏறிவிட்டாய். கருகிப்போன கரும்பை வைத்துக்கொண்டு அந்த மனிதர் என்ன செய்வார் என்று நீ நின்று யோசித்தாயா? மூடி எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்க்க ஏதாவது வழி இருக்கிறதா, உப்புத் தண்ணீருக்கு வேறு பயிர் இருக்கிறதா, சர்க்கார் நிலத்தடி நீர் ஆபீசில் யாரைக் கூப்பிட வேண்டும், எதுவும் எங்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும், இல்லாவிட்டால் தெரிந்தவர்களைத் தெரியும். தெரியாது என்று சொன்னவள்தான் கூட நின்று தேடவும் வேண்டும். நான் உன்னை விரட்டினேன், ஒத்துக்கொள்கிறேன். அம்மா விரட்டினால் போய்விடுவதா? சின்ன வயதில் எத்தனை தடவை விரட்டியிருக்கிறேன், சேற்றுக்குழியை விட்டு ஒரு அடி நகர்ந்திருப்பாயா.

கல்யாணத்தைப் பற்றிக் கேட்பாய். நடக்குமா என்றால், உன் பாணியிலேயே சொல்கிறேன், தெரியாது. அந்த வார்த்தையைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது இப்போது எனக்கும் தெரிகிறது. நீ அதை அத்தனை பேர் நடுவில், தாலி கட்டப் போகிறவன் முன்னால் சொன்னாய். உன்னை நான் அடிக்காத குறையாகப் பேசினேன். என் மூஞ்சியில் முழிக்காதே என்று நான்தான் சொன்னேன், இப்போது உன் மூஞ்சியைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. வா. வந்து அதே இடத்தில் நின்று அதையே சொல். இந்தத் தடவை நான் உன் பக்கத்தில் நிற்கிறேன், வாய் என்னுடையது, விஷயம் உன்னுடையது. உன் மாமனாருக்குப் பதில் சொல்லாமல் நாம் இரண்டு பேரும் அந்த நிலத்தை விட்டு வர வேண்டாம். வண்டி ரிப்பேர் என்பதை எவ்வளவு நேரம் நம்புவார்கள். கடலூர்க்காரர்களுக்கும் வேறு வேலை இருக்கிறது, அவர்களும் பொறுமை இழந்துவிட்டார்கள்.

இதை முடிக்கலாம் என்று நினைக்கும்போதே உன் மாமனார் கரை வழியாக நடந்து வந்தார். இரண்டு நாளாக அந்த முனையிலேயே நின்றுகொண்டிருந்தவர், இன்றைக்குத்தான் லாரி பக்கத்தில் வந்தார். நான் கேபினிலேயே இருந்தேன், சாவி என் முந்தானையில் முடிந்திருக்கிறது. திறந்த பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். எஞ்சினைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் மனிதர்களைப் பற்றித் தெரியும். பிறகு நிமிர்ந்து, "வண்டிக்கு இன்னாதான் சம்பந்தி ஆச்சி?" என்று கேட்டார். "சாமான் ஒண்ணு வரணும்" என்றார் உன் அப்பா. "எங்கேர்ந்து வரணும்?" என்றார் அவர். உன் அப்பா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, அவர் முகத்தை நேராகப் பார்த்து, "ராஜமுந்திரிலேர்ந்து" என்றார்.